தோட்டத்து மரத்தை வெட்டும் நாளில் விவசாயி கவனிக்க வேண்டியவை

கிணற்றோரம் பட்டுப்போன வேம்பு, வீட்டுக் கூரையின் பக்கம் சாய்ந்த தென்னை, வேலியில் முற்றி நிற்கும் வெள்வேல் என்று ஏதாவது ஒரு மரத்தை வெட்ட வேண்டிய தேவை எல்லா விவசாயிகளுக்கும் வரத்தான் செய்கிறது. விதை, உரம், மருந்து என்றால் நாலு பேரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நம் விவசாயிகள், மரம் வெட்டுவதை மட்டும் "ஆட்கள் வந்து பார்த்துக்கொள்வார்கள்" என்று விட்டுவிடுகிறார்கள். மரத்தின் மேல் ஏறுகிறவர் உயிரோடு இறங்குவதும் இறங்காததும் பல சமயங்களில் தோட்டக்காரர் முன்கூட்டியே செய்யும் ஏற்பாட்டைப் பொறுத்தே இருக்கிறது. ஆகவே இந்தத் தொழில் எப்படி நடக்கிறது, அதில் விவசாயியின் பங்கு என்ன என்பதை ஒவ்வொருவரும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

திருப்பூர், அவிநாசி, பல்லடம், காங்கயம் பகுதிகளில் மரம் வெட்டும் தொழில் ஆண்டு முழுவதும் நடப்பதற்குக் காரணம் உண்டு. சாயப்பட்டறைகளில் நீராவி எடுக்கும் கொதிகலன்களுக்கு விறகு வேண்டும். செங்கல் சூளைக்கும் ஓட்டல்களுக்கும் வேண்டும். எனவே ஊருக்கு ஊர் மர வியாபாரிகள் இருக்கிறார்கள். நின்ற மரத்தைப் பார்த்துக் குத்துமதிப்பாக விலை பேசுவது ஒரு முறை. வெட்டி ஏற்றி எடைமேடையில் நிறுத்து டன் கணக்கில் பணம் தருவது இன்னொரு முறை. வீட்டை ஒட்டிய மரம், மின்கம்பி அருகில் உள்ள மரம் என்றால் வியாபாரி விலை தரமாட்டார். விவசாயிதான் கூலி கொடுத்து வெட்ட வேண்டியிருக்கும். தென்னைக்கும் பெரும்பாலும் இதே கதைதான்.

ஒரு வெட்டுக் குழுவில் நாலைந்து பேர் இருப்பார்கள். மேலே ஏறுகிறவர் ஒருவர், மிஷின் ரம்பம் பிடிப்பவர் ஒருவர், தரையில் நின்று கயிறு பிடிப்பவர் ஒருவர் அல்லது இருவர், துண்டுகளை அடுக்கி வண்டி ஏற்றுபவர்கள் மீதி. விடியற்காலையில் டெம்போவில் கிளம்பி வெயில் ஏறுமுன் கடினமான வேலையை முடித்துவிடப் பார்ப்பார்கள். பிற்பகல் துண்டு போடவும் ஏற்றவும் சரியாக இருக்கும். வீடு திரும்பிய பிறகும் வேலை முடிவதில்லை. உருண்டை அரத்தை எடுத்து வைத்துக்கொண்டு ரம்பச் சங்கிலியின் ஒவ்வொரு பல்லையும் தீட்ட வேண்டும். நல்ல கூர்மையுள்ள சங்கிலி மரத்தில் தானாக இறங்கிச் சீவல் சீவலாகத் தள்ளும். மழுங்கிய சங்கிலி மாவு மாதிரிப் பொடிதான் தள்ளும். ஆள் பலம் கொடுத்து அழுத்த வேண்டிவரும். அப்படி அழுத்தும்போதுதான் ரம்பம் நழுவுகிறது. வந்திருக்கும் குழு தொழில் தெரிந்ததா என்று பார்க்க, ரம்பத்தின் கீழே விழும் தூளைப் பார்த்தாலே போதும்.

கோடாரியும் மிஷினும்

முன்பெல்லாம் கோடாரி, இருவர் இழுக்கும் நீண்ட ரம்பம், ஆப்பு, சம்மட்டி, வடக்கயிறு இவைதான் தளவாடம். பெரிய புளியமரம் ஒன்றைச் சாய்க்க முழு நாளும் போதாது. இன்று பெட்ரோலில் ஓடும் மிஷின் ரம்பம் அதைச் சில மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் என்பவர் 1926-ம் ஆண்டில் மின்சாரத்தில் ஓடும் சங்கிலி ரம்பத்தைச் செய்து விற்கத் தொடங்கினார். அதைப் பிடிக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. ஒரே ஆள் தூக்கி அறுக்கும் பெட்ரோல் ரம்பத்தை அவருடைய கம்பெனி கொண்டுவந்தது 1950-ல்.

இதன் சங்கிலி நொடிக்குச் சுமார் 20 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. தகட்டின் நுனியின் மேல்பாதி மரத்தில் பட்டால் ரம்பம் கண் இமைக்கும் நேரத்தில் பிடித்தவரின் முகத்தை நோக்கி மேலே எகிறும். இதைத் தடுக்கக் கைப்பிடிக்கு முன்னால் ஒரு தடுப்பு பிரேக் இருக்கிறது. அது உடைந்து போன மிஷினைக் கம்பியால் கட்டி ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட மிஷினைத் தோட்டத்துக்குள் விடாதீர்கள்.

பெட்ரோலில் கலக்கும் எண்ணெயைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும், ஏனெனில் சொந்தமாக மிஷின் வாங்கும் விவசாயிகள் இப்போது அதிகம். கம்பெனி எண்ணெய் என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி, சாதாரண டூ ஸ்ட்ரோக் எண்ணெய் என்றால் 40 மில்லி என்பது பொதுவான கணக்கு. மிஷினோடு வரும் புத்தகத்தில் உள்ளபடி செய்வதே சரி. சங்கிலிக்கு விடும் எண்ணெய் வேறு, அதற்குத் தனித் தொட்டி உண்டு. இதன் சத்தம் 100 டெசிபலுக்கு மேல். காதில் அடைப்பான் இல்லாமல் வருடக்கணக்கில் ஓட்டியவர்களுக்குக் காது மந்தமாகிறது. அதிர்வினால் விரல்கள் மரத்து வெளுத்துப் போவதும் இந்தத் தொழிலின் நோய்தான். இந்த நோய் ஒரே நாளில் வருவதில்லை என்பதால் யாரும் பொருட்படுத்துவதில்லை.

கம்பியில் கரண்ட் இல்லை என்று நம்பக்கூடாது

இந்தக் கட்டுரையில் மற்றதெல்லாம் மறந்தாலும் இந்தப் பகுதியை மட்டும் மறக்க வேண்டாம். நம் மாவட்டத்தில் மின்கம்பி போகாத தோட்டம் இல்லை. பம்புசெட் லைன், விசைத்தறிக் கூடங்களுக்கும் பனியன் கம்பெனிகளுக்கும் போகும் லைன், தாராபுரம், உடுமலைப் பக்கம் காற்றாலை லைன் என்று தலைக்கு மேல் பின்னிக் கிடக்கிறது.

மோட்டார் ரூமில் மெயினை இறக்கிவிட்டால் கரண்ட் நின்றுவிட்டது என்று பல விவசாயிகள் நினைக்கிறார்கள். அது தவறு. மெயினை இறக்கினால் மோட்டாருக்குப் போகும் கரண்ட்தான் நிற்கும். டிரான்ஸ்பார்மரிலிருந்து உங்கள் மோட்டார் ரூம் வரை வரும் கம்பியில் கரண்ட் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். மரக்கிளை உரசுவது அந்தக் கம்பியில்தான்.

கரண்ட் போன நேரம் பார்த்து வெட்டிவிடலாம் என்பது இன்னொரு தவறு. மும்முனை நின்றிருக்கும் வேளையில் ஒரு கம்பியில் மட்டும் கரண்ட் இருக்கலாம். போன கரண்ட் எந்த நிமிடமும் திரும்பி வரலாம். பக்கத்துக் கம்பெனியில் ஜெனரேட்டர் ஓடும்போது இணைப்பு சரியில்லாவிட்டால் கம்பியில் பின்பக்கமாகவும் கரண்ட் ஏறும்.

ஆகவே, மின்கம்பி அருகில் மரம் வெட்டுவதாக இருந்தால், சில நாட்களுக்கு முன்பே உங்கள் பகுதி மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். லைன்மேன் வந்து, லைனைத் துண்டித்து, அதைத் தரையோடு இணைத்து வைத்து, "இனி வெட்டலாம்" என்று தம் வாயால் சொன்ன பிறகுதான் ஆள் மேலே ஏற வேண்டும். வேலை முடிந்து ஆட்கள் எல்லோரும் இறங்கினார்களா என்று எண்ணிப் பார்த்த பிறகே லைனைக் கொடுக்கச் சொல்ல வேண்டும். 11,000 அல்லது 22,000 வோல்ட் போகும் உயர் அழுத்தக் கம்பியாக இருந்தால் தொடவே வேண்டியதில்லை. நெருங்கினாலே தாவிப் பிடிக்கும். பச்சைக் கிளையும் நனைந்த கயிறும் கரண்டைக் கடத்தும். அலுமினிய ஏணியை அந்தப் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

லைன்மேன் வரும்வரை ஆட்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள், அரை நாள் கூலி வீண் என்று சில தோட்டக்காரர்கள் அவசரப்படுத்துகிறார்கள். அந்த அரை நாள் கூலியைக் கொடுத்துவிடுங்கள்.

காற்றும் காலமும்

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று நம் பகுதிக்கு வரமும் தொல்லையும் ஆகும். வைகாசிக் கடைசியிலிருந்து ஆவணி வரை அது அடிக்கும் அடியில் காற்றாலைகள் ஓடும். மரம் வெட்டுகிறவருக்கோ மரம் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது. அவசரமில்லாத மரத்தை அந்த மாதங்களில் தொட வேண்டாம். தை முதல் பங்குனி வரை ஏற்ற காலம். காற்று மாதத்தில் வெட்டியே தீரவேண்டும் என்றால் விடிந்ததும் ஆரம்பித்து, காற்று எழுமுன் நிறுத்திவிட வேண்டும்.

ஏறுவதற்கு முன்பு மரத்தைச் சுற்றி வந்து நன்றாகப் பார்க்க வேண்டும். கோடாரியின் பின்புறத்தால் அடிமரத்தைத் தட்டினால் பொந்து விழுந்த இடம் வேறு சத்தம் கொடுக்கும். பழைய புளியும் வேம்பும் வெளியே பார்க்கக் கெட்டியாக இருந்து உள்ளே ஒன்றுமில்லாமல் இருக்கும். கதண்டு, மலைத்தேனீ கூடு இருக்கிறதா என்று நிமிர்ந்து பார்க்க வேண்டும். 40 அடி உயரத்தில் கதண்டு கொட்டினால் கையை விடத்தான் தோன்றும். உங்கள் மரத்தில் எங்கே பொந்து, எங்கே கூடு என்பது வெளியூர் ஆளைவிட உங்களுக்குத்தான் தெரியும். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

விழும் மரத்தின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரத்துக்குள் வேலைக்காரர்களைத் தவிர யாரும் இருக்கக்கூடாது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1998-ல் வெளியிட்ட வனத்தொழில் பாதுகாப்பு விதிகளும் இந்தத் தூரத்தையே சொல்கின்றன. நடைமுறையில் என்ன நடக்கிறது? மரம் வெட்டுகிறார்கள் என்றால் தெருவே வேடிக்கை பார்க்க வருகிறது. சுள்ளி பொறுக்கப் பெண்கள் கிளைக்கு அடியிலேயே வந்து நிற்கிறார்கள். ஆட்டையும் மாட்டையும் தழைக்கு ஓட்டி வருகிறார்கள். 60 அடி உயரத்திலிருந்து விழும் தேங்காய் இரண்டு நொடிக்குள் தரைக்கு வந்துவிடும். வரும்போது அதன் வேகம் மணிக்கு 65 கிலோமீட்டருக்கு மேல். "விலகு" என்று கத்திய பிறகு விலக நேரமிருக்காது. கூட்டத்தை விலக்கி நிறுத்துவது தோட்டக்காரரின் வேலை. அதற்கென்று வீட்டாள் ஒருவரை நிறுத்தி, அன்று முழுவதும் வேறு வேலை கொடுக்காமல் இருங்கள்.

சாய்க்கும் முறை

இடம் உள்ள வெட்டவெளி மரத்தை அடியிலேயே அறுத்துச் சாய்க்கலாம். எந்தப் பக்கம் விழவேண்டுமோ அந்தப் பக்கம் முதலில் ஆப்பு வடிவில் ஒரு வெட்டு போடுவார்கள். அதன் ஆழம் அடிமரக் கனத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இருக்கும். பிறகு எதிர்ப்பக்கத்தில், முன்வெட்டின் அடிமட்டத்தைவிடச் சற்று உயரத்தில் அறுத்து வரவேண்டும். இரண்டு வெட்டும் சந்திக்கும்படி முழுதாக அறுத்துவிடக் கூடாது. நடுவில் கனத்தில் பத்தில் ஒரு பங்கு அறுக்காமல் விடவேண்டும். அந்தக் கட்டைதான் கதவின் கீல் மாதிரி நின்று மரத்தைக் குறித்த திசையில் மடக்கிவிடும். அதை அறுத்துவிட்டால் மரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பும். அறுப்பவர் ஓடி விலகும் வழியைப் பின்பக்கம் சாய்வாகக் கல், முள், சுள்ளி இல்லாமல் முதலிலேயே துப்புரவு செய்து வைக்க வேண்டும். நேர் பின்னால் ஓடக்கூடாது. அடிமரம் உதைத்துப் பின்னுக்கு வருவது உண்டு.

டிராக்டரில் கயிறு கட்டி இழுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. மரத்தின் உயரத்தைவிடக் கயிறு ஒன்றரை மடங்காவது நீளமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மரம் டிராக்டர் மேலேயே விழும். பக்கத்து மரத்தின் அடியில் கப்பி கட்டிக் கயிற்றைத் திருப்பி, டிராக்டரை வேறு திசையில் ஓட்டுவது அதைவிட நல்லது. நைலான் கயிறு இழுத்தால் நீளும். அறுந்தால் சாட்டை மாதிரித் திரும்பி அடிக்கும். இழுபடும் கயிற்றின் நேர்கோட்டில் யாரும் நிற்கக்கூடாது.

வீட்டை ஒட்டிய மரத்தை மேலிருந்து துண்டு துண்டாகத்தான் இறக்க வேண்டும். இங்கேதான் கூலி பேரம் ஆபத்தாகிறது. ஐந்து பேர் வேலைக்கு நாலு பேர் கூலி பேசினால், குறைவது பெரும்பாலும் கயிறு பிடிக்கும் ஆள்தான். கயிறு இல்லாமல் துண்டை அப்படியே தள்ளிவிடுவார்கள். பத்தடி நீளமும் ஒன்றரை அடி கனமும் உள்ள பச்சை மரத்துண்டின் எடை ஏறக்குறைய அரை டன் என்றால் பலர் நம்பமாட்டார்கள். கன அளவைக் கணக்கிட்டால் அரை கன மீட்டர் வருகிறது. பச்சை மரம் தண்ணீரின் எடைக்குச் சற்று முன்பின்னாகத்தான் இருக்கும். அது ஓட்டு வீட்டின் மேல் விழுந்தால் மிச்சம் பிடித்த கூலியைப்போல் பல மடங்கு செலவு. மேலே இருப்பவர் மூன்றடி, நாலடித் துண்டாக அறுப்பதும், ஒவ்வொன்றையும் கயிற்றில் கட்டி மெதுவாக இறக்குவதும் நேரம் பிடிக்கும் வேலை. அதற்குரிய கூலியைப் பேசும்போதே ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஏறுகிறவர் இடுப்பில் ஒரு கட்டு மட்டும் போதாது. அறுக்கும் ரம்பமே அந்தக் கயிற்றைத் தொட்டுவிடலாம். இரண்டு கட்டு வேண்டும், அதில் ஒன்று அறுக்கும் இடத்திலிருந்து தள்ளி இருக்க வேண்டும். ஒரு கையால் மரத்தைப் பிடித்து மறு கையால் மிஷினை ஓட்டுவது சாகசம், தொழில் அல்ல. மயங்கி பெல்ட்டில் தொங்கும் ஆளைச் சில நிமிடங்களுக்குள் இறக்கியாக வேண்டும். தொங்கியபடியே விட்டால் கால்களில் ரத்தம் தேங்கி உயிர் போகும். ஆகவே கீழே உள்ளவர்களில் இன்னொருவருக்கும் ஏறத் தெரிந்திருக்க வேண்டும். 108 ஆம்புலன்சுக்குத் தோட்டத்து வழி சொல்ல ஒருவர் தயாராக இருக்கட்டும்.

காற்றில் வேரோடு சாய்ந்த மரத்தை அறுப்பதற்குத் தனி அனுபவம் வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் லட்சக்கணக்கில் தென்னைகள் இப்படிக் கிடந்தன. வளைந்து இறுகிக் கிடக்கும் மரத்தில் வில் நாண் மாதிரி இழுவிசை இருக்கும். அழுந்திய பக்கத்தில் முதலில் சிறிது அறுத்து, பிறகே இழுபட்ட பக்கத்தை அறுக்க வேண்டும். தண்டை அறுத்ததும் பெயர்ந்து நிற்கும் வேர்ப்பகுதி மீண்டும் குழிக்குள் டக்கென்று உட்காரும். அந்தக் குழியில் குழந்தைகளை நிற்க விடாதீர்கள்.

எழுதிப் பேசுங்கள்

பனைமரம் வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-ம் ஆண்டு தமிழக வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. சந்தன மரத்தை வனத்துறையைக் கேட்காமல் தொடக்கூடாது. ஓடை, வண்டிப்பாதை, சாலையோர மரங்கள் உங்கள் வேலியை ஒட்டி நின்றாலும் உங்களுடையவை அல்ல. பொது வரப்பு மரமானால் பங்காளியையும் பக்கத்துத் தோட்டக்காரரையும் கேட்டுவிட்டே விலை பேசுங்கள்.

காங்கயம் பக்கத்துக் கொறங்காட்டு விவசாயிகளுக்கு இங்கே ஒரு வார்த்தை. மேய்ச்சல் நிலத்து வெள்வேல் நிழலும் தருகிறது, கோடையில் ஆடு மாடுகளுக்கு நெற்றும் தருகிறது. அவசரப் பணத்துக்கு வேறு வழி இருந்தால் அதை விட்டுவையுங்கள்.

விறகை எடைக்கு விற்பதானால் வெட்டிய அன்றே நிறுக்கச் சொல்லுங்கள். பச்சை விறகின் எடையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை தண்ணீர்தான். வண்டி வரவில்லை என்று பத்து நாள் வெயிலில் போட்டால் எடை குறைந்து நஷ்டம் உங்களுக்கே. அறுவைக்கு ஆகும் மரத்தை விறகு விலைக்குக் கொடுத்துவிடாமல் கன அடியில் பேச வேண்டும். சுற்றளவில் கால் பங்கை எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவது வழக்கமான கணக்கு. சுற்றளவு 4 அடி, நீளம் 10 அடி என்றால் 10 கன அடி. உண்மையான அளவு 12¾ கன அடிக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். பட்டைக்கும் அறுவைச் சேதத்துக்கும் இந்தக் கணக்கிலேயே ஐந்தில் ஒரு பங்குக்குமேல் கழிந்துவிடுகிறது. அதற்கு மேலும் "கழிவு" கேட்கும் வியாபாரியிடம் இதைச் சொல்லலாம்.

ஒரு வெள்ளைத் தாளில் எத்தனை மரம், என்ன விலை, எத்தனை ஆள், வேலைக்காரருக்கு அடிபட்டால் பொறுப்பு யாருடையது, அடிக்கட்டையைத் தோண்டித் தருவார்களா என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தென்னை ஏறுபவர்களுக்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் "கேரா சுரக்ஷா" விபத்துக் காப்பீடு இருக்கிறது. அந்த வாரியத்தின் பண்ணை ஒன்று உடுமலைப்பேட்டை அருகே தளியிலேயே உள்ளது. விவரம் கேட்டு, உங்கள் தோட்டத்துக்கு வழக்கமாக வரும் ஆளைச் சேர்த்துவிடலாம்.

தென்னையை வெட்டினால்

கேரள வாடல் நோய் முதலில் காணப்பட்டது 1882-ல், கோட்டயம் பக்கத்து ஈராற்றுப்பேட்டையில். இன்று கோவை, திருப்பூர், தேனி உள்ளிட்ட மாவட்டங்களில் விவசாயிகளை அழவைக்கிறது. இந்த நோயைக் குணப்படுத்த மருந்து இல்லை. ஆண்டுக்குப் பத்துக் காய்க்கும் குறைவாகக் காய்க்கும் நோய் மரத்தை வெட்டி அகற்ற வேண்டும் என்பதுதான் பரிந்துரை. ஆகவே உடுமலை, மடத்துக்குளம் பக்கம் தென்னை வெட்டும் வேலை இப்போது மிகுந்திருக்கிறது.

தென்னைத் தண்டு மற்ற மரம் போன்றது அல்ல. வெளிப்புறம் கெட்டி, உள்ளே மென்மையான நார். ரம்பச் சங்கிலியைச் சீக்கிரம் மழுக்கிவிடும். மேலே சொன்ன கீல் போன்ற கட்டையும் இதில் அவ்வளவு நம்பகமாக நிற்காது. கயிற்றுப் பிடிமானம் கட்டாயம் வேண்டும். மேலிருந்து வெட்டும்போது காயையும் மட்டையையும் முதலில் இறக்கிவிட்டுத் தலைப்பகுதியை அறுப்பார்கள். அந்தப் பாரம் போனதும் தண்டு ஊஞ்சல் மாதிரி ஆடும். ஏறியவர் அந்த நேரத்தில் இறுக்கிக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும்.

பணம் கைக்கு வந்ததும் தண்டையும் அடிக்கட்டையையும் வரப்போரம் உருட்டிவிட்டு மறந்துவிடுவது பெரிய தவறு. மட்கும் தென்னந்தண்டுதான் காண்டாமிருக வண்டு முட்டையிடும் இடம். அதில் வளரும் புழுக்கள் வண்டாகி, நட்ட இளங்கன்றின் குருத்தைத்தான் முதலில் துளைக்கும். அந்தக் காயத்தின் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டும் வந்து சேரும். எனவே தண்டைப் பிளந்து காயவைத்து, இரண்டு மாதத்துக்குள் விறகாகவோ கட்டுமானத்துக்கோ எடுத்துவிட வேண்டும். அடிக்கட்டையைப் பொக்லைன் இருக்கும்போதே வேரோடு பெயர்த்துவிடுவது சிக்கனம். தனியாக இன்னொரு நாள் வரவழைத்தால் வாடகை இரட்டிப்பாகும். பெயர்க்க முடியாத கட்டையின் மேலும், பக்கத்து எருக்குழியிலும் மெட்டாரைசியம் பூஞ்சாணத்தைத் தண்ணீரில் கரைத்து மாலை வேளையில் தெளித்து, ஈரம் காயாமல் ஓலையால் மூடி வைக்கலாம். ஆழியாறு தென்னை ஆராய்ச்சி நிலையத்திலோ, அருகில் உள்ள வேளாண்மை விரிவாக்க மையத்திலோ இது பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.